எதிரியைத் தெரிவு செய்தல்: மித்தரானும் பிரெஞ்சுத் தீவிர வலதுசாரிகளின் எழுச்சியும்

தேர்தலில் நிற்கும் எவரும் தமது எதிரியைத் தோற்கடிக்கவே முயல்வர். அது போட்டியின் இயல்பு. ஆனால் தாம் எதிர்கொள்ள வேண்டிய எதிரி யார் என்பதையும் தாமே தெரிவு செய்துகொள்ள முற்படும் வழக்கமொன்று தேர்தல் அரசியலில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. எதிரணியில் வலிமை மிக்க ஒருவரும் வலிமை குன்றிய ஒருவரும் நிற்கும்போது, வலிமை குன்றியவருக்கு மறைமுகமாகக் கைகொடுத்து, வலிமை மிக்கவரைக் களத்திலிருந்து அகற்றுவது. அல்லது எதிரணியின் வாக்குகளைப் பிளக்கக்கூடிய சிறு கட்சியொன்றைத் தேவையான அளவுக்கு மட்டும் வளரவிடுவது. இதனை மதிநுட்பம் என்பாரும் உளர், வஞ்சகம் என்பாரும் உளர். இவ்வுபாயத்தின் விலை என்ன, அதனைச் செலுத்துவோர் யார் என்னும் வினாவே இக்கட்டுரையில் நமது கவனத்திற்குரியது.

அமெரிக்க வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உண்டு. 1966இல் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த பாட் பிரவுன் மூன்றாம் முறையாகப் போட்டியிட்டார். 1962இல் ரிச்சர்ட் நிக்ஸனையே தோற்கடித்தவர் அவர். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தெரிவில் சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர் ஜோர்ஜ் கிறிஸ்டோபரும், அரசியல் அனுபவமற்ற நடிகர் ஒருவரும் மோதினர். நடிகரை வெல்வது எளிது எனக் கணித்த பிரவுனின் ஆட்கள், கிறிஸ்டோபர் சம்பந்தப்பட்ட பழைய பால் வியாபார வழக்கொன்றின் விவரங்களைப் பத்திரிகையாளருக்கு வழங்கி அவரது பெயரைக் கெடுத்தனர். கிறிஸ்டோபர் தோற்றார். அதன்பின் அந்நடிகர் பிரவுனை ஏறத்தாழ 10 இலட்சம் வாக்குகளால் வீழ்த்தினார். அவரே ரொனால்ட் ரீகன்.

2012இல் மிசூரி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இதே உபாயத்தை வெற்றிகரமாகக் கையாண்டார். எதிர்க்கட்சி வேட்பாளர்களுள் மிகத் தீவிரப் போக்குடைய டொட் ஏக்கின் என்பவரை அவர் 'அளவுக்கு மீறிய பழமைவாதி' என்று விளம்பரங்களில் சாடினார். பொதுமக்களுக்கு அது கண்டனம். அக்கட்சியின் தீவிர ஆதரவாளர்களுக்கோ அதுவே நற்சான்றிதழ். சுமார் 17 இலட்சம் டொலர் இதற்குச் செலவானதென மெக்காஸ்கில் தாமே பிற்காலத்தில் பெருமிதத்தோடு எழுதினார். ஏக்கின் வேட்பாளரானார், பொதுத் தேர்தலில் படுதோல்வியுற்றார். 2022இல் மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது இதைவிடக் கசப்பானது. டொனால்ட் டிரம்ப் மீதான குற்றப்பிரேரணைக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் பதின்மருள் ஒருவரான பீட்டர் மெய்ஜருக்கு எதிராக, டிரம்ப் ஆதரவாளரான ஜோன் கிப்ஸ் நின்றார். 'ஜனநாயகத்திற்கு ஆபத்து' என நாடெங்கும் முழங்கிக்கொண்டிருந்த ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு, கிப்ஸுக்குத் துணைபுரியும் விளம்பரத்திற்கு நான்கு இலட்சம் டொலருக்கு மேல் செலவிட்டது. மெய்ஜர் வெளியேற்றப்பட்டார்; கிப்ஸ் பின்னர் தோற்றார்; தொகுதி ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது. கணக்கு சரியாகவே முடிந்தது. ஆயினும், மனச்சாட்சியின்படி தன் கட்சிக்கு எதிராக வாக்களிக்க எண்ணும் அடுத்த உறுப்பினருக்கு இந்நிகழ்ச்சி கற்பித்தது என்ன என்பதை அக்கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

எனினும் அமெரிக்க உதாரணங்கள் ஒன்றிரண்டு தேர்தல்களோடு முடிந்துவிடுகின்றன. இவ்வுபாயத்தின் முழுமையான வரவு செலவை அறிய வேண்டுமாயின் நாற்பதாண்டு காலத்தை ஒருசேர நோக்கக்கூடிய ஓர் உதாரணம் தேவை. அத்தகையதொன்று பிரான்ஸில் உண்டு. அங்கு ஆடப்பட்ட ஆட்டத்தின் பணயப் பொருளாக இருந்தோர் பெரும்பாலும் வட ஆபிரிக்காவிலிருந்து சென்ற முஸ்லிம் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் என்பதனால் அது நமது தனிக் கவனத்தை வேண்டி நிற்கின்றது.

1982: ஒரு கடிதம்

1981 மே 10ஆம் திகதி சோஷலிஸக் கட்சியின் பிரான்சுவா மித்தரான் பிரெஞ்சு ஜனாதிபதியாகத் தெரிவானபோது, ஜான்-மரி லெ பென் என்பவரின் தேசிய முன்னணி பெயரளவிலான ஒரு கட்சியாகவே இருந்தது. 1972இல் தோற்றுவிக்கப்பட்ட அக்கட்சியின் தலைவர் 1974 ஜனாதிபதித் தேர்தலில் பெற்ற வாக்கு ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. 1981இல் வேட்பாளராவதற்கு வேண்டிய 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பங்களைத் திரட்டவும் அவரால் இயலவில்லை.

மித்தரானும் லெ பென்னும் ஒருவரையொருவர் அறியாதவரல்லர். 1956இல் லெ பென் பாராளுமன்றத்துக்குத் தெரிவான இளம் உறுப்பினர். மித்தரான் அவ்வாண்டு அமைந்த அரசாங்கத்தில் நீதியமைச்சர். அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தை அடைந்துகொண்டிருந்த காலம் அது. லெ பென் படைவீரராக அல்ஜியர்ஸ் சென்றார். அங்கு சித்திரவதைகளில் பங்கேற்றார் என்னும் குற்றச்சாட்டு அவரை இறுதிவரை விடவில்லை. மித்தரான் நீதியமைச்சராக இருந்த பதினாறு மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட அல்ஜீரியர் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். மரண தண்டனையை 1981இல் ஒழித்த பெருமை மித்தரானுடையது என்பதைக் கூறுவோர் இதனையும் உடன் கூறுவதே நேர்மையாகும்.

1982 மே மாதம் நடைபெற்ற தமது கட்சி மாநாட்டைத் தொலைக்காட்சி முற்றாகப் புறக்கணித்ததென லெ பென் ஜனாதிபதிக்கு முறையீட்டுக் கடிதம் எழுதினார். அக்காலத்தில் பிரான்ஸின் மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகளும் அரசுக்குரியவை. ஒரு சதவீத வாக்கும் இல்லாத கட்சித் தலைவரின் கடிதத்திற்கு மித்தரான் ஜூன் 22ஆம் திகதி பதிலளித்தார். முறையீட்டில் நியாயம் உண்டெனவும், தொடர்பாடல் அமைச்சர் மூலம் ஒலி, ஒளிபரப்பு நிறுவனத் தலைவர்களுக்கு இது உணர்த்தப்படும் எனவும் அப்பதில் அமைந்தது. அம்மாத இறுதியிலேயே லெ பென் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றினார். 1984 பெப்ரவரி 13ஆம் திகதி, நாடே கண்ணுற்ற அரசியல் நேர்காணல் நிகழ்ச்சியொன்றில் முழுநேர விருந்தினராக அமர்ந்தார். நடுவில் எழுந்து நின்று, கம்யூனிஸ ஆட்சிகளால் மாண்டோருக்காக மௌன அஞ்சலி செலுத்தினார். அரங்கிலிருந்தோர் செய்வதறியாது திகைத்தனர். வீதியோரக் கூட்டங்களில் பேசிவந்த ஒருவர் அன்றிரவு தேசியத் தலைவர்களின் வரிசையில் சேர்ந்தார்.

மித்தரானின் கடிதத்தை எவ்வாறு மதிப்பிடுவது? சட்டபூர்வமான ஒரு கட்சிக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமளிப்பது பன்மைத்துவத்தின் பாற்பட்ட கடமை என வாதிடலாம். அவ்வாதம் பொருளற்றதன்று. நமக்கு உவப்பானோருக்கு மட்டும் வழங்கப்படுவது கருத்துச் சுதந்திரம் ஆகாது. ஒருவரது உள்ளத்து நிய்யத்தை வரலாற்றாசிரியன் அறிய முடியாது. செயல்களின் வரிசையை மட்டுமே அவன் அறிவான். மித்தரானின் நெருங்கிய சகாக்கள் சிலர் தேசிய முன்னணி வளர்வது தமக்கு இலாபம் என வெளிப்படையாகவே கருதினர் என்பதைப் பத்திரிகையாளர் மூவர் 1994இல் ஒரு நூலாகவே ஆராய்ந்து வெளியிட்டனர். ஆயினும் அக்கடிதத்தை மட்டும் வைத்து நாம் தீர்ப்பு வழங்கவில்லை. தீர்ப்புக்குரிய சான்று மூன்றாண்டுகளுக்குப் பின் வருகின்றது.

அதற்கு முன் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேசிய முன்னணியை மித்தரான் ஒருவரே தோற்றுவித்தார் என்பது மிகை. 1980களின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. உருக்காலைகளும் சுரங்கங்களும் மூடப்பட்டன. 1983இல் சோஷலிஸ அரசு சிக்கனக் கொள்கைக்குத் திரும்பியபோது அதனை நம்பிய ஏழை வாக்காளர் ஏமாற்றமடைந்தனர். குடியேற்றத் தொழிலாளருக்கு எதிரான பேச்சும் தீவிர வலதுசாரிகளின் ஏகபோகமாக இருக்கவில்லை. 1980 டிசம்பரில் பாரிஸின் புறநகரான வித்ரியில் மாலி நாட்டுத் தொழிலாளர் தங்கவிருந்த விடுதியைப் புல்டோசர் கொண்டு சிதைத்தோருக்குத் தலைமை தாங்கியவர் அந்நகரின் கம்யூனிஸ்ட் மேயர். 1983 ஜனவரியில் ரெனோல்ட் முதலிய மோட்டார் தொழிற்சாலைகளில் மொரோக்கோ, அல்ஜீரியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் மதவாதக் குழுக்களால் தூண்டப்படுகின்றனர் எனக் கூறியோர் சோஷலிஸப் பிரதமர் மோருவாவும் உள்நாட்டமைச்சர் தெஃபேரும் ஆவர். ஊதியமும் மரியாதையும் கேட்ட ஒரு தொழிற்சங்கப் போராட்டத்திற்கு 'இஸ்லாமியத் தீவிரவாதம்' என்னும் சாயம் பூசப்பட்ட முதல் தருணங்களுள் இதுவும் ஒன்று. லெ பென் விதைக்க வந்தபோது நிலம் ஏற்கெனவே உழப்பட்டிருந்தது என்பதையே இவை காட்டுகின்றன.

த்ரூ என்னும் சிறு நகரில் அவ்விதை முளைத்தது. பாரிஸுக்கு மேற்கே, குடியேற்றத் தொழிலாளர் கணிசமாக வாழ்ந்த அந்நகரில் 1983 மார்ச் மாநகரத் தேர்தலில் சோஷலிஸ மேயர் பிரான்சுவாஸ் கஸ்பார் எட்டே வாக்குகளால் வென்றார். அம்முடிவு இரத்துச் செய்யப்பட்டு செப்டெம்பரில் மறுதேர்தல் நடைபெற்றது. முதற் சுற்றில் ஜான்-பியர் ஸ்திர்புவா தலைமையிலான தேசிய முன்னணிப் பட்டியல் 16 சதவீதத்துக்கு மேல் பெற்றது. இரண்டாம் சுற்றில் மிதவாத வலதுசாரிகள் அப்பட்டியலோடு இணைந்து வென்றனர். ஸ்திர்புவா துணை மேயரானார். வலதுசாரித் தலைவர் பலர் இதனைச் சிறு நகரச் சம்பவமெனப் புறந்தள்ளினர். அவர்தம் பொறுப்பு சோஷலிஸ்டுகளின் பொறுப்பைவிடக் குறைந்ததன்று. எனினும் த்ரூ, சோஷலிஸ்டுகளுக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது: தேசிய முன்னணி வளர்ந்தால் வலதுசாரிகள் அதனோடு சேர்ந்தாலும் மானமிழப்பர், சேராவிடினும் வாக்கிழப்பர்.

இரு வாக்குறுதிகள்

1984 ஜூன் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய முன்னணி ஏறத்தாழ 11 சதவீதம் பெற்றது. ஒரு காலத்தில் மாபெரும் சக்தியாக இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு நிகராகப் பத்து ஆசனங்களை வென்றது. அத்தேர்தல் விகிதாசார முறையில் நடைபெற்றதே இதற்கு வழியமைத்தது. பிரான்ஸின் தேசிய சபைக்கோ இரண்டு சுற்றுத் தொகுதிமுறை இருந்தது. தொகுதிமுறையில் நாடெங்கும் பரந்து கிடக்கும் பத்து சதவீதம் ஓர் ஆசனத்தையும் பெறுவது அரிது. 1978 அரசியல் யாப்பின் வழி இரு முறைகளின் வேறுபாட்டையும் அனுபவத்தில் கண்ட இலங்கை வாசகருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

1985 மார்ச் மாதம் நடைபெற்ற மாவட்ட சபைத் தேர்தல்களில் இடதுசாரிகள் பெருந் தோல்வியுற்றனர். அடுத்த ஆண்டின் பொதுத் தேர்தலில் தோல்வி உறுதி எனத் தெரிந்தது. ஏப்ரல் மாதத்தில் அமைச்சரவை தேர்தல் முறையை மாற்றத் தீர்மானித்தது. தேசிய சபையின் ஆசனங்கள் 491இலிருந்து 577ஆக உயர்த்தப்பட்டன. மாவட்டவாரியான விகிதாசாரப் பட்டியல்கள் புகுத்தப்பட்டன. ஐந்து சதவீதம் வெட்டுப்புள்ளியானது. இம்மாற்றம் வலதுசாரிகளின் பெரும்பான்மையைக் குறைக்கும், அவர்களுக்கு வலப்புறத்தில் ஒரு முள்ளை வைக்கும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். விவசாய அமைச்சர் மிஷல் ரோக்கார் மட்டும் நள்ளிரவு கடந்த வேளையில் தமது இராஜினாமாவை அறிவித்தார். தம் கட்சியின் வெற்றிவாய்ப்பை விட வேறொன்றைப் பெரிதாக மதித்த அமைச்சர் ஒருவரேனும் அன்று இருந்தார் என்பது பதிவுக்குரியது.

மித்தரானின் ஆதரவாளர் இன்றும் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. 1981 தேர்தலின்போது அவர் முன்வைத்த 110 வாக்குறுதிகளில் 47ஆவது, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பற்றியது. ஆகவே அவர் செய்தது வாக்குறுதியை நிறைவேற்றியதே அன்றி வேறன்று என்பர். வாக்குறுதி இருந்தது உண்மை. விகிதாசார முறை நீதியானதே என வாதிடுவோருடன் நாமும் பெருமளவு உடன்படுவோம்.

ஆனால் அதே பட்டியலில் 80ஆவது வாக்குறுதியும் இருந்தது. ஐந்தாண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு மாநகரத் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கப்படும் என்பதே அது. அல்ஜீரிய, மொரோக்கோ, துனீஸியத் தொழிலாளர் வாழும் நகரின் மேயரைத் தெரிவு செய்வதில் அவர்களுக்கும் ஒரு குரல் உண்டு என்பதே அதன் பொருள். த்ரூ நகரில் அவ்வாக்குரிமை இருந்திருக்குமாயின், அவர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பிரசாரத்தை எந்தக் கட்சியும் அத்துணை எளிதாக நடத்தியிருக்காது. 47ஆவது வாக்குறுதி, நான்காண்டு காலம் உறங்கிய பின், அது பயன் தரும் ஆண்டில் எழுப்பப்பட்டது. 80ஆவதோ ஒருபோதும் நிறைவேற்றப்படவில்லை. அதைவிட வியப்புக்குரியது, அது மறக்கப்படவும் இல்லை என்பதாகும். மித்தரான் 1985 ஏப்ரலில் மனித உரிமைச் சங்கக் கூட்டமொன்றில் அதனை மீண்டும் எழுப்பினார். 1988 தேர்தலின்போது பிரெஞ்சு மக்களுக்கு விடுத்த பகிரங்கக் கடிதத்திலும் அதனைத் தொட்டார். நாட்டின் மனப்பாங்கு இன்னும் அதற்கு இடந்தரவில்லை என வருந்திவிட்டு அப்பால் சென்றார். ஒவ்வொரு முறை அது பேசப்பட்டபோதும் லெ பென்னின் மேடைகளில் கொந்தளிப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் அத்தொழிலாளருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. தேர்தல் காலங்களில் அவ்வாக்குறுதி தேசிய முன்னணியைக் கிளறிவிடும் கோலாகவே பயன்பட்டது என விமர்சகர்கள் கூறியதை மறுப்பது கடினம்.

நாம் முன்னர் குறிப்பிட்ட சான்று இதுவே. ஒரே பட்டியலிலிருந்த இரு வாக்குறுதிகளில் லெ பென்னுக்கு ஆசனம் தந்தது நிறைவேறியது. அவரால் தாக்கப்பட்டோருக்குத் தற்காப்புத் தந்திருக்கக்கூடியது கைவிடப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, நிய்யத்தைப் பற்றிய விவாதம் அவ்வளவு அவசியமற்றதாகிவிடுகின்றது.

நீதிக்காகக் கூற வேண்டியவையும் உள. 1981இல் வெளிநாட்டவருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை வழங்கப்பட்டது. ஆவணமற்ற ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு வதிவுரிமை கிடைத்தது. பிரான்ஸின் முஸ்லிம் சங்கங்களில் பெரும்பாலானவை இச்சட்டத்தின் பின்னரே தோன்றின. த்ரூ தேர்தலுக்கு ஒரு மாதத்தின் பின், 1983 ஒக்டோபரில், லியோனின் புறநகர் இளைஞர் சிலர் சமத்துவத்தை வேண்டி மார்செய் நகரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டனர். டிசம்பர் 3ஆம் திகதி அவர்கள் பாரிஸை அடைந்தபோது சுமார் ஒரு இலட்சம் பேர் உடன் நடந்தனர். மித்தரான் அவர்களின் பிரதிநிதிகளை வரவேற்றார். பத்தாண்டு வதிவு அட்டை அவர்களுக்குக் கிடைத்த பலன். அதற்கு அடுத்த ஆண்டே அவ்வெழுச்சியின் இடத்தை சோஷலிஸக் கட்சியோடு நெருங்கிய வேறோர் அமைப்பு பிடித்துக்கொண்டது. இனவாத எதிர்ப்பு என்பது சட்டைப்பையில் அணியும் சின்னமாயிற்று. நடந்து வந்த இளைஞர் தம் புறநகர்களுக்குத் திரும்பினர்.

விலை செலுத்தியோர்

1986 மார்ச் 16ஆம் திகதி தேசிய முன்னணி 35 ஆசனங்களை வென்றது. வலதுசாரிக் கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. ஆயின் விரல்விட்டு எண்ணக்கூடிய மிகுதியே. ஜாக் சிராக் பிரதமரானார். உடனடிக் கணக்கில் மித்தரானின் உபாயம் பாதி வென்றது எனலாம். சிராக் மீண்டும் தொகுதிமுறையைக் கொண்டுவந்தார். 1988இல் அதே பத்து சதவீத வாக்குகளுக்குத் தேசிய முன்னணிக்குக் கிடைத்தது ஒரே ஆசனம். அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் லெ பென் 14 சதவீதம் பெற்று வலதுசாரி வாக்குகளைப் பிளக்க, மித்தரான் இலகுவாக மீண்டும் வென்றார். 1997இலும் இது பலித்தது. பதிவு செய்த வாக்காளரில் 12.5 சதவீதத்தினரின் ஆதரவைப் பெற்றவர் இரண்டாம் சுற்றில் நிற்கலாம் என்னும் விதியால், எழுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் தேசிய முன்னணி மூன்றாவது போட்டியாளராக நின்றது. அவற்றுள் பெரும்பான்மையானவற்றில் வென்றோர் இடதுசாரிகள். லியோனல் ஜொஸ்பன் பிரதமரானார்.

ஆனால் 35 உறுப்பினர் இரண்டாண்டு காலம் தேசிய சபையில் அமர்ந்ததன் விளைவு ஆசனங்களோடு போய்விடவில்லை. அவர்களுக்குப் பாராளுமன்றக் குழுவுக்குரிய நிதியும் மேடையும் மரியாதையும் கிடைத்தன. மாகாண சபைகளும் அதே நாளில் விகிதாசார முறையில் தெரிவாயின. அங்கு அவர்கள் நிலையாக வேரூன்றினர். 1987 செப்டெம்பரில் லெ பென் நாஸி விஷவாயு அறைகளை இரண்டாம் உலகப் போரின் ஒரு சிறு விவரம் என்றபோது நாடு அதிர்ந்தது. ஆனால் அவரது வாக்குகள் குறையவில்லை. வளர்த்தவரின் அனுமதியின்றி வாழக் கற்றுக்கொண்ட பின் அவரைச் சுருக்கும் ஆற்றல் எவரிடமும் இருக்கவில்லை. 1989 இலையுதிர்காலத்தில் க்ரேய் நகரப் பாடசாலையொன்றிலிருந்து தலைமறைப்பு அணிந்த மூன்று மாணவியர் விலக்கப்பட்ட விவகாரம் நாடெங்கும் எரிந்துகொண்டிருக்கையில், டிசம்பரில் த்ரூ இடைத்தேர்தலில் ஸ்திர்புவாவின் விதவை 61 சதவீத வாக்குகளால் வென்றார். அதே த்ரூவில் ஆறாண்டுகளுக்கு முன் அக்கட்சியின் பங்கு 16 சதவீதம்.

மிதவாதக் கட்சிகளின் சொற்கள் மாறின. அதுவே மிகப் பெரிய இழப்பு என நாம் கருதுகின்றோம். லெ பென் சரியான வினாக்களுக்குத் தவறான விடைகளைத் தருகின்றார் என்பது 1984இல் சோஷலிஸப் பிரதமர் ஃபாபியஸின் கருத்து. வேலையின்மையும் வீட்டுத் தட்டுப்பாடும் வினாக்களாக இருந்த நாட்டில், அயலில் வாழும் முஸ்லிமே வினா என்பது அதன்பின் இரு தரப்பாருக்கும் பொது எடுகோளாயிற்று. 1993இன் குடியேற்றச் சட்டங்களும், 2004 மார்ச்சில் பாடசாலைகளில் தலைமறைப்பைத் தடைசெய்த சட்டமும் தேசிய முன்னணி இயற்றியவை அல்ல. ஏனையோர் அதற்கு அஞ்சியும் அதனோடு போட்டியிட்டும் இயற்றிய சட்டங்களின் வரிசையில் அவை வருகின்றன.

உயிர்களும் போயின. 1995 பெப்ரவரியில் மார்செய் நகரில் கொமரோஸ் வம்சாவழியினரான 17 வயது இளைஞர் ஒருவர் தேசிய முன்னணிச் சுவரொட்டி ஒட்டுவோரால் முதுகில் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு மே 1ஆம் திகதி பாரிஸில் அக்கட்சியின் ஊர்வலத்திலிருந்து பிரிந்து வந்த சிலர் 29 வயதான மொரோக்கோ நாட்டவர் ஒருவரை ஸேன் ஆற்றில் தள்ளினர். அவர் மூழ்கி மாண்டார். மித்தரான் தம் பதவிக்காலத்தின் இறுதி நாட்களில் அவ்விடத்திற்குச் சென்று ஆற்றில் மலர் தூவினார். அச்செயலில் துயரம் இருந்திருக்கலாம். அதனை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் 1985 ஏப்ரலில் அமைச்சரவை மேசையைச் சுற்றி அமர்ந்து ஆசனக் கணக்குப் பார்த்தோரில் எவரும் ஸேன் நதிக்கரையில் நடக்கும்போது அஞ்ச வேண்டிய நிலையில் இருக்கவில்லை.

இவ்வுபாயத்தின் அறப்பிழை இங்கேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. எதிரி வென்றுவிடுவான் என்னும் அபாயத்தை மட்டுமே இதனைக் கண்டிப்போர் வழக்கமாகச் சுட்டுவர். பிரவுனுக்கு நேர்ந்தது அதுவே. அது அவரவர் பிழைக் கணக்கு. தோற்றவர் தாமே அதன் விலையைச் செலுத்துகின்றார். மித்தரான் தோற்கவில்லை. அவர் இருமுறை வென்று பதினான்கு ஆண்டுகள் ஆண்டார். அவர் பணயம் வைத்தது தமக்குரியதன்று என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. வாக்கு ஓர் அமானிதம் என்போமாயின், வாக்கில்லாதாரின் பாதுகாப்பு அதைவிடக் கனமான அமானிதம். லெ பென்னுக்கு வாக்களித்த வேலையற்ற தொழிலாளியும் இவ்வாட்டத்தில் ஒரு காயாகவே நடத்தப்பட்டார். அவரது கோபத்திற்கு விடையளிக்க வேண்டிய கட்சி, அக்கோபம் எப்பெட்டியில் விழுந்தால் தமக்கு இலாபம் என்று எண்ணியது.

2002 ஏப்ரல் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் சிராக் 19.88 சதவீதமும், லெ பென் 16.86 சதவீதமும், பிரதமர் ஜொஸ்பன் 16.18 சதவீதமும் பெற்றனர். இரண்டு இலட்சத்திற்கும் குறைந்த வாக்குகளால் சோஷலிஸ வேட்பாளர் களத்திலிருந்து அகற்றப்பட்டார். பதினாறு வேட்பாளர் நின்றதும், இடதுசாரிகள் தம்முள் பிளவுண்டதும் இதற்கு நேரடிக் காரணங்கள். எதிரணியைப் பிளக்கும் எனக் கருதப்பட்ட கட்சி இப்போது இடதுசாரிகளின் இடத்தையே பிடித்துக்கொண்டது. 1981 முதல் 1988 வரை, கடிதம் எழுதப்பட்டதும் தேர்தல் முறை மாற்றப்பட்டதுமான காலம் முழுவதும், சோஷலிஸக் கட்சியின் முதற் செயலாளராக இருந்தவர் ஜொஸ்பன். அன்றிரவே அவர் அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். இரண்டாம் சுற்றில் சிராக் 82 சதவீதம் பெற்றார்.

மித்தரான் 1996 ஜனவரியிலும் லெ பென் 2025 ஜனவரியிலும் காலமாயினர். லெ பென்னின் மகள் 2022 ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 41 சதவீதத்துக்கு மேல் பெற்றார். 2018இல் பெயர் மாற்றம் பெற்ற அக்கட்சியும் அதன் கூட்டாளிகளும், விகிதாசார முறையின் துணையின்றி, தொகுதிமுறையிலேயே 2024இல் 140க்கும் மேற்பட்ட ஆசனங்களை வென்றனர்.

80ஆவது வாக்குறுதியின் வரலாறும் ஒருவாறு தொடர்ந்தது. 1992இல் கைச்சாத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு மாநகரத் தேர்தல்களில் வாக்குரிமை அளித்தது. 2001இல் பிரான்ஸில் அவர்கள் முதன்முறையாக அவ்வாறு வாக்களித்தனர். ஏனைய வெளிநாட்டவருக்கும் அவ்வுரிமையை வழங்கும் மசோதாவைத் தேசிய சபை 2000 மேயிலும், செனட் சபை 2011 டிசம்பரிலும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அரசியல் யாப்புத் திருத்தம் முற்றுப்பெறவில்லை. 2012இல் பிரான்சுவா ஒலாந்து அதனை மீண்டும் வாக்களித்து மீண்டும் கைவிட்டார். ரெனோல்ட் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று உழைத்து ஓய்வுபெற்ற இருவருள், போர்த்துக்கல் நாட்டவர் இன்று தம் நகரின் மேயரைத் தெரிவு செய்கின்றார். மொரோக்கோ நாட்டவர் வாக்குச் சாவடிக்கு வெளியே நிற்கின்றார்.